இயங்கும் இழைகள்

நுழையும்முன்

எழுதுகோலைப் பிடிக்கும் விரலின் அசைவும் இமையின் அசைவும் இதயத்தின் துடிப்பும் தசைகளுக்குள் இருக்கும் நுண்ணிழைகளின் இயக்கத்தால் நிகழ்கின்றன. அவ்விழைகளை உடலிலிருந்து பிரித்தெடுத்து, உயிரற்ற நிலையில் மீண்டும் அசையச் செய்தது ஒரு சிறிய ஆய்வகம். உலகப் போரின் நடுவே, வெளியுலகத் தொடர்பற்ற நிலையில் அவ்வாய்வை வழிநடத்தியவரின் வாழ்வையும், அவர் தொடங்கி வைத்த தேடல் இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மாலை வானில் பறவைக் கூட்டம் ஒன்று பறந்து செல்கிறது. நூற்றுக்கணக்கான பறவைகளும் ஒரே உடல்போல வளைந்து திரும்புகின்றன. கடலில் மீன் கூட்டமும் அவ்வாறே ஒருசேரத் திசை மாறுகிறது. அக்கூட்டங்களில் கட்டளையிடும் தலைவர் எவரும் இல்லை. ஒவ்வொன்றும் தன் அருகில் உள்ளவற்றைப் பார்த்துத் தன் திசையைச் சரிசெய்துகொள்கிறது. அச்சிறு செயல்களின் தொகுப்பே கண்ணைக் கவரும் பேரொழுங்காகத் தோன்றுகிறது. இதனை அறிவியலார் கூட்டியக்கம் என்கின்றனர்.

கண்ணும் மூளையும் உடைய உயிரினங்கள் இவ்வாறு இயங்குவதை நாம் எளிதில் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால், கண்ணும் மூளையும் இல்லாத, உயிர் என்று சொல்லவும் இயலாத புரத இழைகளும் அவ்வாறே அணிஅணியாகவும் அலையலையாகவும் சுழல்களாகவும் கூடி இயங்குகின்றன. இவ்விழைகளுள் ஒன்றான ஆக்டின், ஹங்கேரி நாட்டின் செகெட் நகரில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அந்நகரின் ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆல்பர்ட் சென்ட்ஜியார்ஜி. வைட்டமின் சி என்னும் உயிர்ச்சத்தைப் பிரித்தெடுத்தவராகவே உலகம் அவரைப் பெரிதும் அறியும். ஆயினும், அவர்தம் வாழ்வில் பேரார்வத்துடன் ஈடுபட்டது தசையின் இயக்கத்தை அறியும் முயற்சியிலேயே ஆகும்.

இளமையும் போர்க்களமும்

சென்ட்ஜியார்ஜி 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தையார் நிலக்கிழார். தாய்வழிப் பாட்டனாரும் தாய்மாமனும் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியர்களாக விளங்கியவர்கள். அறிவுக்குப் பெயர்பெற்ற அக்குடும்பத்தில் சிறுவன் ஆல்பர்ட் மட்டும் படிப்பில் நாட்டமின்றி இருந்தான். இவன் அறிவியலுக்கு உதவான் என்று தாய்மாமன் மிஹாய் லென்ஹோசெக் முடிவு செய்துவிட்டார். பதின்பருவத்தில் நூல்களின்மீது திடீரென ஏற்பட்ட வேட்கை அவனது போக்கையே மாற்றியது. பள்ளியிறுதியில் சிறந்த மாணவனாகத் தேறி, 1911இல் மருத்துவக் கல்வியில் சேர்ந்தான். தாய்மாமனும் தம் ஆய்வகக் கதவைத் திறந்துவிட்டார்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. மருத்துவ மாணவரான சென்ட்ஜியார்ஜி படையில் மருத்துவப் பணியாளராகச் சேர்க்கப்பட்டார். வீரத்திற்கான வெள்ளிப் பதக்கமும் பெற்றார். எனினும், மூன்றாம் ஆண்டை நெருங்கியபோது, பொருளற்ற அழிவு என்றே அவருக்குப் போர் தோன்றியது. 1916இல் தம் மேற்கை எலும்பில் தாமே சுட்டுக்கொண்டு, பகைவர் குண்டால் நேர்ந்த காயம் என்று கூறி ஊர் திரும்பினார். பிற்காலத்தில் இச்செயலை அவர் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்று மீண்டும் படைப்பணிக்குச் சென்றார். அங்கு, போர்க்கைதிகளின்மீது ஆபத்தான சோதனைகளைச் செய்த மேலதிகாரி ஒருவரை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அதற்குத் தண்டனையாக, மலேரியா நோய் பரவியிருந்த வட இத்தாலியச் சதுப்பு நிலப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அதிகாரத்தின் முன் தலைவணங்காத அவரது இயல்பு அன்றே வெளிப்பட்டது.

பழுப்பு நிறத்தின் பின்னே

போர் முடிந்தபோது ஆஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசு சிதறியது. குடும்பச் செல்வமும் கரைந்தது. மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் பிராக், பெர்லின், ஹாம்பர்க், லெய்டன், குரோனிங்கன் என நகரந்தோறும் வேலை தேடி அலைந்தார் சென்ட்ஜியார்ஜி. வறுமையிலும் ஆய்வை அவர் கைவிடவில்லை.

வெட்டிவைத்த ஆப்பிளும் உருளைக்கிழங்கும் காற்றுப் பட்டதும் பழுப்பு நிறம் அடைகின்றன. எலுமிச்சை போன்றவை அவ்வாறு ஆவதில்லை. எல்லோரும் நாள்தோறும் கண்டும் பொருட்படுத்தாத இவ்வேறுபாடு அவரைச் சிந்திக்க வைத்தது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஏதோ ஒரு பொருள் சில தாவரங்களில் உள்ளது என்று அவர் உணர்ந்தார். அதே இயல்புடைய பொருள் விலங்குகளின் அட்ரினல் சுரப்பியிலும் இருப்பதைக் கண்டார்.

இவ்வேளையில் அவரை ஆதரித்த பேராசிரியர் மறைந்தார். புதிதாக வந்தவர் அவர் ஆய்வில் அக்கறை காட்டவில்லை. குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, எதிர்காலம் இருண்டதாகக் கருதிய நிலையில், 1926இல் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த உடலியங்கியல் மாநாட்டுக்குச் சென்றார். அங்குத் தலைமையுரை ஆற்றிய கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிரெடரிக் கௌலாண்டு ஹாப்கின்ஸ், அறிமுகமற்ற அந்த இளைஞரின் ஆய்வைத் தம் உரையில் பாராட்டிக் குறிப்பிட்டார். அவையின் ஓரத்தில் அமர்ந்திருந்தவருக்கு அது புத்துயிர் அளித்தது. ஹாப்கின்ஸின் அழைப்பை ஏற்றுக் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1927இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே அப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்.

தாம் கண்ட பொருள் இன்னதென்று தமக்கே தெரியாததால், அறியேன் என்னும் பொருள்படும் விளையாட்டான பெயர் ஒன்றை அதற்குச் சூட்டினார். ஆய்விதழின் ஆசிரியர் அதனை மறுத்தார். கடவுளுக்கே தெரியும் என்னும் பொருளில் மற்றொரு பெயரை எழுதி அனுப்பினார். அதுவும் மறுக்கப்பட்டது. இறுதியில் ஹெக்சூரோனிக் அமிலம் என்னும் பெயருடன் 1928இல் கட்டுரை வெளியாயிற்று. தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு அவ்விளையாட்டுக்குள் இருந்தது.

மிளகாய் தந்த உயிர்ச்சத்து

ஹங்கேரியின் கல்வி அமைச்சர் குனோ கிளெபெல்ஸ்பெர்க், வெளிநாடுகளில் இருந்த அறிஞர்களைத் தாய்நாட்டுக்கு அழைத்துவர விரும்பினார். அவ்வழைப்பை ஏற்றுச் செகெட் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வேதியியல் பேராசிரியராகச் சென்ட்ஜியார்ஜி பொறுப்பேற்றார். 1931இல் ஜோசப் ஸ்விர்பெலி என்னும் இளம் ஆய்வாளர் அமெரிக்காவிலிருந்து அவரிடம் வந்தார். இருவரும் கினிப்பன்றிகளுக்கு ஹெக்சூரோனிக் அமிலத்தை அளித்துச் சோதித்தனர். அமிலம் பெறாதவை ஈறுகளில் குருதி கசியும் ஸ்கர்வி நோய்க்கு ஆளாயின. பெற்றவை நலமாக இருந்தன. பல காலமாக அறிவியலார் தேடிவந்த வைட்டமின் சி அதுவே என்பது 1932இல் உறுதியாயிற்று. அதே காலத்தில் அமெரிக்காவில் சார்லஸ் கிளென் கிங் என்பாரும் அதே முடிவை வெளியிட்டார். யார் முதலில் கண்டார் என்னும் பூசல் நெடுநாள் நீடித்தது.

ஆய்வைத் தொடர அப்பொருள் பெருமளவில் தேவைப்பட்டது. அட்ரினல் சுரப்பியிலிருந்து கிடைப்பதோ மிகச் சிறிதளவு. செகெட் நகரம் பாப்ரிக்கா என்னும் சிவப்பு மிளகாய்க்குப் பெயர்பெற்றது. ஒருநாள் இரவு உணவில் மனைவி பாப்ரிக்காவைப் பரிமாறினார். அதை உண்ண விருப்பமில்லாத சென்ட்ஜியார்ஜி, இதனை இதுவரை சோதித்துப் பார்க்கவில்லையே என்று எண்ணி அதனை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றார். நள்ளிரவுக்குள் அது வைட்டமின் சியின் கருவூலம் என்பது தெரிந்தது. சில வாரங்களில் ஒரு கிலோகிராமுக்கும் மேற்பட்ட தூய படிகங்கள் கிடைத்தன. அவற்றை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. பல நாடுகளில் இவ்வாய்வில் ஈடுபட்டிருந்தோருக்கு அனுப்பிவைத்தார். அவற்றைக் கொண்டே பர்மிங்காம் நகரில் வால்ட்டர் ஹாவொர்த் அம்மூலக்கூற்றின் அமைப்பைக் கண்டறிந்தார். ஸ்கர்வியைத் தடுப்பது என்னும் பொருளில் அது அஸ்கார்பிக் அமிலம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

உயிரணுக்களில் நிகழும் எரிதல் வினைகளைப் பற்றிய ஆய்வுக்காக, 1937ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு சென்ட்ஜியார்ஜிக்கு அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஹாவொர்த் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தெரிந்து தெளிவோம்

1939ஆம் ஆண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியம் பின்லாந்தின்மீது படையெடுத்தது. குளிர்காலப் போர் எனப்படும் அப்போரில் துன்புற்ற பின்லாந்து மக்களுக்கு உதவும்பொருட்டுச் சென்ட்ஜியார்ஜி தம் நோபல் பதக்கத்தையே நன்கொடையாக அளித்தார். அதனை விலை கொடுத்து வாங்கிய பின்லாந்து வணிகர் ஒருவர், அப்பதக்கத்தை ஹங்கேரியின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கினார்.

தசையின் புதிர்

பரிசும் புகழும் வந்த பின்னர் அதே துறையில் அவர் நிலைத்திருந்திருக்கலாம். ஆனால், உயிர் என்பது யாது என்னும் வினாவே அவரை விடாமல் துரத்தியது. உயிரின் அடையாளங்களுள் கண்ணால் காணத்தக்கது இயக்கம். இயக்கத்தின் உறைவிடம் தசை. எனவே, தசையை ஆராயத் தலைப்பட்டார்.

தசையில் மயோசின் என்னும் புரதம் உள்ளது என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி, என்னும் மூலக்கூறு உயிரணுவின் ஆற்றல் நாணயம் போன்றது. அது சிதையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. மயோசின் அந்த ஏடிபியைச் சிதைக்க வல்லது என்று எங்கல்கார்ட், லியூபிமோவா என்னும் இரு சோவியத் அறிவியலார் 1939இல் வெளியிட்டனர். தசைக்கு வடிவம் தரும் பொருளே எரிபொருளை எரிக்கும் பொறியாகவும் இருக்கிறது என்பது இதன் பொருள். இச்செய்தி சென்ட்ஜியார்ஜியின் ஆய்வுக்கு வழிகாட்டியது.

செகெட் ஆய்வகத்தில் இலோனா பங்கா என்னும் பெண் அறிவியலார் அரைத்த தசையை உப்புக் கரைசலில் இட்டு மயோசினைப் பிரித்தெடுத்தார். 20 நிமிடத்தில் எடுக்கப்பட்ட கரைசல் நீர்மையாக இருந்தது. இரவு முழுவதும் விடப்பட்ட கலவையிலிருந்து கிடைத்த கரைசலோ பாகுபோலக் கெட்டியாக இருந்தது. அதில் ஏடிபியைச் சேர்த்ததும் பாகுத்தன்மை சட்டெனக் குறைந்தது. ஒரே தசையிலிருந்து வந்த இரு கரைசல்கள் ஏன் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன? தவறு நேர்ந்தது என்று இதனை ஒதுக்கியிருந்தால் வரலாறு அங்கேயே நின்றிருக்கும். அவர்கள் அதனையே வினாவாக எடுத்துக்கொண்டனர்.

சுருங்கிய நூலிழை

கெட்டியான கரைசலை நுண்குழாய் வழியாக நீருக்குள் செலுத்தி, மெல்லிய நூலிழைகளாகச் சென்ட்ஜியார்ஜி உருவாக்கினார். அவற்றை நுண்ணோக்கியின்கீழ் வைத்துக் கொதிக்கவைத்த தசைச்சாற்றைச் சேர்த்தார். அச்சாற்றில் ஏடிபி இருந்தது. நூலிழை அவர் கண்முன்னே விரைந்து சுருங்கியது. உடலுக்கு வெளியே, உயிரணு ஏதுமின்றி, கண்ணாடித் தகட்டின்மேல் தசையின் இயக்கம் நிகழ்ந்தது. தம் ஆய்வு வாழ்வின் மிகப்பெரிய மனவெழுச்சியை அப்போதுதான் அடைந்ததாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார்.

நீர்மையான முதல் கரைசலிலிருந்து செய்த இழைகளோ சுருங்கவில்லை. ஆகவே, இரண்டாம் கரைசலில் மயோசினுடன் வேறொரு பொருளும் கலந்திருக்க வேண்டும். அதனைத் தேடும் பணி புரூனோ ஸ்ட்ராப் என்னும் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1942இல் அவர் அப்புரதத்தைத் தனியே பிரித்தெடுத்தார். அதற்கு ஆக்டின் எனப் பெயரிட்டனர். ஆக்டின் மூலக்கூறுகள் சிறு மணிகள் போன்றவை. உப்புச் சேர்த்ததும் அம்மணிகள் எவரும் கோக்காமலே தாமாகக் கோத்துக்கொண்டு நீண்ட இழைகளாகின்றன.

இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. மயோசின் மட்டும் இருந்தால் சுருக்கம் இல்லை. ஆக்டின் மட்டும் இருந்தாலும் இல்லை. இரண்டும் சேர்ந்திருந்தும் ஏடிபி இல்லையெனில் அவை ஒன்றையொன்று இறுகப் பற்றி விறைத்துக் கிடக்கும். இறந்த உடல் விறைப்பதற்கும் இதுவே காரணம். மூன்றும் கூடும்போதே இயக்கம் பிறக்கிறது. அவ்வியக்கம் தனித்தனிப் பொருள் எதனிலும் ஒளிந்திருக்கவில்லை. அவற்றின் கூட்டிலேயே தோன்றுகிறது.

மறைந்து வாழ்ந்த ஆய்வர்

இக்கண்டுபிடிப்புகள் நிகழ்ந்த காலம் இரண்டாம் உலகப் போர்க்காலம். ஹங்கேரி ஜெர்மனியின் பக்கம் நின்றது. வெளிநாட்டு ஆய்விதழ்களோடு தொடர்பு அறுந்திருந்தது. செகெட் ஆய்வகத்தார் தம் முடிவுகளைத் தாமே சிறு தொகுதிகளாக அச்சிட்டு வைத்தனர். அவை உலகின் பார்வைக்கு வர நெடுநாள் ஆயிற்று.

சென்ட்ஜியார்ஜி ஆய்வகத்துக்குள் ஒதுங்கி இருந்துவிடவில்லை. நாஜிகளை வெளிப்படையாக வெறுத்தார். யூத நண்பர்கள் தப்பிச்செல்ல உதவினார். 1943இல் அறிவியல் சொற்பொழிவு என்னும் பெயரில் இஸ்தான்புல் சென்று, போரிலிருந்து ஹங்கேரியை விலக்கும் முயற்சியாகத் தம் நாட்டுத் தலைமை அமைச்சரின் சார்பில் நேச நாடுகளின் உளவுத்துறையினரைச் சந்தித்தார். இச்செய்தி ஜெர்மானியருக்குக் கசிந்தது. அவரை ஒப்படைக்க வேண்டும் என்று ஹிட்லரே சினந்து வற்புறுத்தினார். வீட்டுக்காவலில் வைக்கப்பட்ட அவர், 1944இல் ஜெர்மானியப் படை நாட்டைக் கைப்பற்றியபின் தலைமறைவானார். சுவீடன் அரசு அவருக்குக் குடியுரிமை வழங்கி, புடாபெஸ்டில் இருந்த தன் தூதரகத்தில் சில காலம் புகலிடம் அளித்தது. பின்னர் இடம் விட்டு இடம் மாறி உயிர் தப்பினார்.

தாம் இறந்தால் தசை ஆய்வும் தம்முடன் மறைந்துவிடும் என்னும் அச்சம் அவருக்கு இருந்தது. எனவே, முடிவுகளைத் தொகுத்து எழுதிச் சுவீடனுக்கு அனுப்பினார். அத்தொகுப்பு 1945இல் அந்நாட்டு ஆய்விதழின் இணைப்பாக வெளிவந்தது. ஆக்டினையும் மயோசினையும் உலக அறிவியலார் பரவலாக அறிந்துகொண்டது அதன் பின்னரே.

கடற்கரை ஆய்வகம்

போருக்குப் பின் நாட்டைச் சீரமைக்கும் நம்பிக்கையுடன் அவர் புடாபெஸ்டில் பேராசிரியராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். சோவியத் ஆதிக்கம் இறுகியபோது அந்நம்பிக்கை தளர்ந்தது. 1947இல் அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வுட்ஸ் ஹோல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் உள்ள கடல்சார் உயிரியல் ஆய்வகத்தில் தம் பணியைத் தொடர்ந்தார்.

1949இல் அவர் செய்த ஆய்வொன்று வியப்புக்குரியது. முயலின் தசைநார்களைக் கிளிசரின் கலந்த நீரில் இட்டுக் கடுங்குளிரில் நெடுநாள் வைத்திருந்தார். உயிரணுவின் சவ்வும் கரையும் பொருள்களும் அகன்று, இழைகளின் கட்டமைப்பு மட்டும் எஞ்சியது. அதில் ஏடிபியைச் சேர்த்தவுடன் தசைநார் உயிருள்ள தசைபோலவே சுருங்கி விசை தந்தது. இம்முறை இன்றும் ஆய்வகங்களில் பயன்படுகிறது.

இழைகள் எவ்வாறு சுருங்குகின்றன என்பதில் அவரது ஊகம் சரியாக அமையவில்லை. இழைகளே மடிந்து குறுகுகின்றன என்று அவர் கருதினார். 1954இல் ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹேன்சன் ஆகியோரும், தனியே ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரோல்ஃப் நீடெர்கெர்கே ஆகியோரும் உண்மையை வெளிப்படுத்தினர். இழைகளின் நீளம் மாறுவதில்லை; ஆக்டின் இழைகள் மயோசின் இழைகளின் இடையே சறுக்கிச் செல்வதால் தசை குறுகுகிறது. படகின் துடுப்புகள் நீரைத் தள்ளுவதுபோல், மயோசினின் தலைப்பகுதிகள் ஏடிபியின் ஆற்றலால் ஆக்டின் இழையைப் பற்றி இழுத்து விடுகின்றன. சென்ட்ஜியார்ஜியின் விளக்கம் வீழ்ந்தது. அவர் கண்ட பொருள்களும் செய்துகாட்டிய ஆய்வும் நிலைத்தன.

பிற்காலத்தில் அவர் புற்றுநோய் ஆய்வில் ஈடுபட்டார். உயிரின் மறைபொருளை எலக்ட்ரான்களின் அளவில் தேடினார். அவ்வாய்வுகள் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. வியட்நாம் போரையும் அணு ஆயுதப் பெருக்கத்தையும் முதுமையிலும் எதிர்த்தார். 1986ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் 93ஆம் வயதில் வுட்ஸ் ஹோலில் காலமானார்.

இழைகளின் கூட்டியக்கம்

அவர் மறைந்த அதே 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. கண்ணாடித் தகட்டின்மேல் மயோசின் மூலக்கூறுகளைப் பதித்து, அதன்மேல் ஒளிரும் சாயம் ஏற்றிய ஆக்டின் இழைகளை இட்டனர். ஏடிபியைச் சேர்த்ததும் ஒவ்வோர் இழையும் தனித்தனியே தகட்டின்மேல் ஊர்ந்து சென்றது. செகெட்டில் சுருங்கிய நூல் எண்ணற்ற இழைகளின் கட்டு. இங்கோ ஒற்றை இழையின் ஓட்டமே கண்ணுக்குத் தெரிந்தது. கீழே பதிந்திருந்த மயோசின்கள் கைகளால் கடத்துவதுபோல இழையை முன்னே தள்ளின.

தனியிழைகள் ஓடினால், நெருக்கமாக அமைந்த பல இழைகள் என்ன செய்யும்? இவ்வினாவுக்கு விடை தேட இயற்பியலும் துணை வந்தது. சென்ட்ஜியார்ஜி பிறந்த புடாபெஸ்ட் நகரைச் சேர்ந்த இயற்பியலார் டமாஷ் விச்செக், தம் குழுவினருடன் 1995இல் எளிய கணித மாதிரி ஒன்றை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு துகளும் மாறாத வேகத்தில் செல்லும். தன் அண்மையில் உள்ளவற்றின் சராசரித் திசையை ஏற்கும். சிறிது பிழையும் செய்யும். துகள்கள் குறைவாகவோ பிழை மிகுதியாகவோ இருந்தால் அவை மனம்போன திசைகளில் திரியும். துகள்கள் நெருங்கிப் பிழை குறைந்தால், ஒரு கட்டத்தில் கூட்டம் முழுவதும் ஒரே திசையில் திரும்பும்.

2010இல் ஜெர்மனியின் மியூனிக் நகர அறிவியலார், மயோசின் தகட்டின்மேல் ஓடும் ஆக்டின் இழைகளின் நெருக்கத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தனர். இழைகள் அரிதாக இருந்தபோது ஒவ்வொன்றும் தன்போக்கில் அலைந்தது. நெருக்கம் குறிப்பிட்ட அளவைக் கடந்ததும் காட்சி மாறியது. ஒன்றோடொன்று மோதிய இழைகள் வளைந்து ஒரே திசையில் இணைந்தன. முதலில் சிறு கூட்டங்கள் தோன்றின. பின்னர் அவை அலைகளாகத் தகட்டின் குறுக்கே நகர்ந்தன. சில இடங்களில் சுழல்களாகவும் சுற்றின. பறவைக் கூட்டத்தில் கண்ட ஒழுங்கு, மனித மயிரின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே தடிமன் கொண்ட இழைகளில் தென்பட்டது.

இவ்வகைப் பொருள்களைச் செயலூக்கப் பருப்பொருள் என்கின்றனர். குவளையில் உள்ள நீரைச் சுழற்ற வெளியிலிருந்து கரண்டியால் கலக்க வேண்டும். செயலூக்கப் பருப்பொருளிலோ ஒவ்வோர் உறுப்பும் தான் இருக்கும் இடத்திலேயே ஆற்றலைச் செலவிட்டு இயங்குகிறது. வெளியிலிருந்து எவரும் கலக்காமலே ஒழுங்கு உள்ளிருந்து உருவாகிறது. இதுவே தன்னொழுங்கமைவு. ஆற்றல் தீர்ந்தால் இயக்கம் நிற்கும். இயக்கம் நின்றால் அலைகளும் சுழல்களும் நிலைத்திருப்பதில்லை. உயிரணு ஊர்வதிலும் இரண்டாகப் பிரிவதிலும் இத்தகைய இழைகள் பங்கேற்கின்றன என்பதால், இவ்வாய்வு உயிரியலுக்கும் அடிப்படையாகிறது.

தேடலின் எல்லை

முதுமையில் தம் ஆய்வுப் பயணத்தைத் திரும்பிப் பார்த்த சென்ட்ஜியார்ஜி ஒரு குறையை மனம்திறந்து ஒப்புக்கொண்டார். உயிரைத் தேடி விலங்கிலிருந்து உயிரணுவுக்கும், உயிரணுவிலிருந்து மூலக்கூறுக்கும், மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானுக்கும் இறங்கிச் சென்றதாகவும், அவ்வாறு செல்லும் வழியில் எங்கோ உயிர் தம் விரல்களினூடே நழுவிவிட்டதாகவும் அவர் கூறினார். எலக்ட்ரானுக்கு உயிர் இல்லை. முதுமையில், இறங்கி வந்த படிகளில் மீண்டும் ஏற வேண்டியிருப்பதாக அவர் உணர்ந்தார்.

உண்மையில், அவ்வாறு ஏறிய ஒரு படியைச் செகெட்டில் அவரே கட்டியிருந்தார். பிரித்தெடுத்த ஆக்டினையும் மயோசினையும் மீண்டும் சேர்த்தபோது, தனித்தனியே அவற்றில் இல்லாத ஒன்று தோன்றியதை அவர் கண்ணால் கண்டார். இழைகளின் அலைகளையும் சுழல்களையும் இன்று ஆராய்வோர் அடுத்தடுத்த படிகளில் ஏறிக்கொண்டிருக்கின்றனர். அவர்களும் உயிரை உருவாக்கிவிடவில்லை. பகுதிகள் எவ்வாறு கூடினால் உயிருக்குரிய இயக்கம் பிறக்கும் என்னும் வினாவுக்கு மட்டும் சிறிது சிறிதாக விடை கண்டு வருகின்றனர். பாப்ரிக்காவை உண்ணாமல் எடுத்துச் சென்ற அந்தப் பேராசிரியருக்கு இக்காட்சி மகிழ்ச்சி அளித்திருக்கும். உடனே அடுத்த வினாவையும் அவர் கேட்டிருப்பார்.

கற்பவை கற்றபின்

1. எறும்பு வரிசை, பறவைக் கூட்டம், மீன் கூட்டம் ஆகியவற்றுள் ஒன்றை உற்றுநோக்கி, அதன் உறுப்புகள் ஒன்றையொன்று எவ்வாறு பின்பற்றுகின்றன என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. வெட்டிய ஆப்பிள் துண்டுகள் இரண்டை எடுத்து, ஒன்றில் மட்டும் எலுமிச்சைச் சாற்றைத் தடவி, ஒரு மணி நேரம் கழித்துக் காணும் வேறுபாட்டைப் பாடச் செய்தியுடன் பொருத்தி விளக்குக.

3. சென்ட்ஜியார்ஜியின் விளக்கம் பின்னாளில் மறுக்கப்பட்டது. ஆயினும் அவரது ஆய்வு நிலைத்தது. அறிவியலில் பிழையான ஊகத்துக்கும் இடமுண்டு என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. போர்க்காலத்தில் அறிவியலாரின் கடமை யாது என்னும் தலைப்பில், இப்பாடத்தில் வரும் நிகழ்வுகளைச் சான்றாகக் கொண்டு ஐந்து மணித்துளி உரை ஒன்றை உருவாக்குக.